பரீட்சை, பத்திரிகை, கட்சி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிவு வந்தாலும் பரீட்சைப் பெறுபேறு வந்தாலும் வன்னியில் ஏறக்குறைய ஒரே வாக்குவாதமே நடக்கிறது. யார் உழைத்தார்கள், யார் விலைபோனார்கள், எந்தப் பத்திரிகை எதை மறைத்தது என்றே பேச்சு ஓடுகிறது. பெற்றோர் கூட்டங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு, எந்தக் கட்சியையும் சாராமல் பதில் எழுதும் முயற்சி இது. கட்சி சாராத பதில் என்பதற்காக அபிப்பிராயமே இல்லாத பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: வன்னி என்று இங்கே குறிப்பிடப்படுவது எந்தப் பகுதி?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களும். தேர்தல் கணக்கில் வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது பின்னைய மூன்று மட்டுமே. கிளிநொச்சி வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகின்றன. பல்கலைக்கழக அனுமதியிலோ நான்கும் தனித்தனி மாவட்டங்கள். இதைக் கவனியாமல் "வன்னி இப்படி வாக்களித்தது", "வன்னி இப்படிச் சித்தியடைந்தது" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: வன்னி மக்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிட்டார்கள் என்கிறார்களே, அது சரியா?

வாக்குகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார். ரணில் விக்கிரமசிங்கவுக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கும் பின்னால், நான்காம் இடத்திலேயே அநுர குமார திசாநாயக்க வந்தார். எட்டு வாரங்கள் முடிவதற்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்து 6 ஆசனங்களில் 2 ஐப் பெற்றது. எஞ்சிய நான்கும் ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிற்கட்சி என்று ஆளுக்கொன்றாகப் போயின. இரண்டாகப் பிளந்த ஊர் இப்படி ஐந்தாகப் பிரிந்து வாக்களிக்காது.

ஒரே கட்சிக்குள்ளும் நிலைமை வேறல்ல. 2024 செப்டெம்பர் 1 ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதே கட்சியின் சிவஞானம் சிறீதரன் பொது வேட்பாளரின் பக்கம் நின்றார். இதற்கு மேல் மன்னாரிலும் வவுனியாவிலும் வாழும் முஸ்லிம் மக்கள், வவுனியாவின் சிங்களக் கிராமங்கள், 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. "தேசியமா, அபிவிருத்தியா" என்ற இரட்டைக் கேள்வி மேடைக்கு வசதியானது. அதற்கு மேல் அது எதையும் விளக்குவதில்லை.

கூடியிருப்பது பேச்சின் சூடு. பிரதேச சபையில் குப்பை அகற்றுவது பற்றிய கருத்து வேறுபாடுகூடத் துரோகி என்ற சொல்லைத் தொடாமல் முடிவதில்லை.

கேள்வி: இந்த அரசியல் தகராறுக்குள் பரீட்சைப் பெறுபேறு எப்படி வந்து சேர்ந்தது?

வன்னி 2009 இல் வீடு, தோட்டம், மாடு, உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. கையில் மிஞ்சியதாகப் பெற்றோர் நினைத்தது பிள்ளையின் படிப்பை மட்டுந்தான். அந்த ஆண்டு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள்ளும் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அதற்கு முன்னர், புலிகளின் நிர்வாகம் நடந்த காலத்திலும், வன்னி மாணவர் எழுதியது கொழும்பிலுள்ள பரீட்சைகள் திணைக்களத்தின் வினாத்தாளைத்தான். நீதிமன்றமும் காவல்துறையும் வேறாக இருந்த நிலத்தில் பரீட்சை மட்டும் பொதுவாக இருந்தது. ஆகவே, தம்மைப் பற்றி வெளியே சொல்லப்படும் எண்களில் எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொள்ளும் எண் பரீட்சைப் புள்ளி ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் எண் என்பதால் எல்லோரும் அதைத் தம் வழக்குக்குச் சாட்சியாக அழைக்கிறார்கள். வடமாகாணம் ஒன்பதாம் இடம் என்று சாதாரண தரப் பெறுபேற்றுச் செய்தி வந்தால், ஒருவர் அதை மாகாண நிர்வாகத்தின் தோல்வி என்கிறார். இன்னொருவர் அரசு திட்டமிட்டுச் செய்த புறக்கணிப்பு என்கிறார். மூன்றாமவர் கைத்தொலைபேசியையும் போதைப்பொருளையும் காரணம் காட்டுகிறார். முதலாம் மாகாணத்துக்கும் ஒன்பதாம் மாகாணத்துக்கும் இடையில் எத்தனை வீத வித்தியாசம் என்று எவரும் கேட்பதில்லை. ஒன்பது மாகாணங்களை வரிசைப்படுத்தினால் ஒன்று ஒன்பதாவதாக வந்தே தீரும். இடைவெளி இரண்டு வீதமா இருபது வீதமா என்பதில்தான் செய்தி இருக்கிறது.

என் கருத்தில், இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணை அது அளக்காத ஒன்றுக்குச் சாட்சியாக்குவதால் வருகின்றன. கீழே வரும் பதில்களில் இதையே வெவ்வேறு இடங்களில் காட்ட முயன்றிருக்கிறேன்.

கேள்வி: தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றைக் கொண்டு ஒரு பாடசாலை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாதா?

முதலில் அந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்று பார்ப்போம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தக் காலத்தில், 1940 களில், வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகளில் திறமையானவர்களைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக அது தொடங்கியது. இன்றும் அதன் வேலை இரண்டே: குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாத உதவிப்பணம் கொடுப்பது, தரம் 6 இல் பெரிய பாடசாலைக்கு அனுமதி கொடுப்பது. இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள், தகுதி பெறத் தேவையான குறைந்த புள்ளியாக, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி. 2024 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 16 வீதம். ஆறில் ஐந்து பிள்ளைகள் "சித்தியடையாமல்" போகும்படியே அமைக்கப்பட்ட ஒரு தெரிவு அது.

இப்போது பெறுபேறு வந்த மறுநாள் பாடசாலை வாசலில் ஏறும் பதாகையைப் பாருங்கள். மேலே அதிபரின் படம், கற்பித்த ஆசிரியரின் படம், சில வேளை பதாகைக்குப் பணம் கொடுத்தவரின் படமும். நடுவில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகள், பெயருக்குக் கீழே புள்ளி பெரிய எழுத்தில். அடியில் "70 புள்ளிகளுக்கு மேல் பெற்றோர்" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அநேகமாக எங்கும் இராது. அந்தத் தொகை இல்லாமல் மற்ற எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

வன்னியில் இது மற்ற இடங்களைவிட முக்கியம், ஏனென்றால் இங்கே பாடசாலைகள் சிறியவை. எட்டுப் பிள்ளைகள் எழுதும் ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளை என்பது 12.5 வீதம், இருநூறு பிள்ளைகள் எழுதும் நகரப் பாடசாலையில் ஒரு பிள்ளை அரை வீதம். துணுக்காய் வலயத்திலோ மடு வலயத்திலோ உள்ள ஒரு சின்னப் பாடசாலை இந்த ஆண்டு 25 வீதம், சென்ற ஆண்டு பூச்சியம் என்றால், கற்பித்தலில் எந்த மாற்றமும் நடந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் பிறந்திருந்தால் போதும். ஐந்து ஆண்டுப் பெறுபேறுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது சொல்லலாம். ஓராண்டைக் கொண்டு அதிபரை மாற்றக் கேட்பதும் அதிபருக்கு மாலை போடுவதும் ஒரே அளவு அவசரம்.

கேள்வி: அப்படியானால் அந்தப் பரீட்சையை நிறுத்திவிடுவது நல்லதல்லவா?

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நிறுத்தச் சொல்பவர்கள் பத்து வயதுப் பிள்ளை விடிய ஐந்து மணிக்குத் தனியார் கல்வி நிலையத்துக்குப் போவதைக் காட்டுகிறார்கள். பரீட்சை நெருங்கும்போது கருத்தரங்குகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் திணைக்களம் ஆண்டுதோறும் தடை செய்ய வேண்டியிருப்பதே அவர்களுக்குப் போதிய சான்று. இருக்க வேண்டும் என்பவர்கள், பணமோ அறிமுகமோ இல்லாத பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலைக்குள் நுழையக் கிடைக்கும் ஒரே வாசல் இதுதான் என்கிறார்கள்.

என் சாய்வு இரண்டாவது பக்கம், ஒரு நிபந்தனையோடு. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் தரம் 6 க்கு மேல் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கும் நாள்வரை வாசலை மூட வேண்டாம். அந்த நாள் வந்த பிறகு பரீட்சை தானாகவே முக்கியத்துவத்தை இழக்கும், ஏனெனில் பக்கத்துப் பாடசாலையை விட்டுப் போக வேண்டிய தேவை இராது.

கேள்வி: தரப்படுத்தல் தமிழருக்கு அநீதி என்று படித்தோம். ஆனால் வன்னிப் பிள்ளைகள் மாவட்ட ஒதுக்கீட்டால்தான் பல்கலைக்கழகம் போகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள். 1970 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்தது மொழிவழித் தரப்படுத்தல். 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. தாய்மொழியைக் காரணமாக வைத்து ஒரு பிள்ளைக்கு உயர்ந்த மதில் கட்டியதை அநீதி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1974 இல் மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு சேர்ந்தது. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. வவுனியா, மன்னார் போன்ற, ஆய்வுகூடமே இல்லாத மாவட்டங்கள் முதல் தடவையாக மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குள் கால் வைக்க வழி பிறந்தது.

இன்றைய முறையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். ஹம்பாந்தோட்டையும் மொனராகலையும் அடங்கும். யாழ்ப்பாணமும் இப்போது அடங்குகிறது. இதை இன்றும் இனக் கணக்காகப் படிப்பவர்களுக்கு அந்தப் பட்டியலே பதில்.

தமிழருக்குள்ளே இதில் ஓர் உரசல் உண்டு. பொது மேடைகளில் அதை எவரும் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளையை உயர்தரத்துக்கு மட்டும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பதிந்து, குறைந்த வெட்டுப்புள்ளியில் இடம் பிடிக்கும் முயற்சிகள் பற்றி வன்னிப் பெற்றோருக்கு நெடுநாளாக மனக்குறை இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையைக் கொண்டு மாவட்டம் தீர்மானிக்கப்படும் என்ற விதி அதற்காகவே இருக்கிறது. இப்படியிருக்க, மாவட்ட ஒதுக்கீட்டை முழுதாக ஒழிக்கக் கோரும் பதிவுகளை வன்னிக்காரரே உணர்ச்சிவசப்பட்டுப் பகிர்வதைக் காணும்போது, பதிவை முழுதாக வாசித்தார்களா என்ற ஐயம் எழுகிறது.

ஒதுக்கீடு பல்கலைக்கழக வாசலில் கொடுக்கப்படும் உதவி. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாததால் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளை அந்த வாசல்வரை வருவதே இல்லை.

கேள்வி: இசட் புள்ளி என்பது தமிழ் மாணவரைக் குறைக்கும் தந்திரமா?

இல்லை. ஒருவர் ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தர மாணவரை வரிசைப்படுத்துவது இதைக் கொண்டே. கடினமான பாடத்தில் 60 எடுத்தவர், இலகுவான பாடத்தில் 60 எடுத்தவரைவிட மேலே வர இது உதவுகிறது. 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறு நடக்கவே நடக்காத முறை என்றும் சொல்ல முடியாது: 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாக்கிக் கணித்தது பெரும் சர்ச்சையாகி, 2012 இல் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லா மொழியிலும் இருந்தார்கள்.

கேள்வி: எந்தப் பத்திரிகையை நம்புவது?

ஒன்றை மட்டும் நம்பாமல் இருப்பது நல்லது. தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் 1973 முதல் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1985 இல் தொடங்கிய உதயனின் உரிமையாளர் பத்தாண்டுகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1930 முதல் வரும் வீரகேசரி கொழும்பிலிருந்து வருவது. உரிமை யாருடையது என்று தெரிந்துகொண்டு வாசித்தால் எந்தப் பத்திரிகையிலும் பயன் உண்டு. வன்னிக்கு இந்தப் பழக்கம் புதிது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 வரை புலிகளின் பத்திரிகையான ஈழநாதமும் அவர்களுடைய வானொலியான புலிகளின் குரலும் சொன்னதே இங்கே செய்தி. மாற்றுச் செய்தி வேண்டியவர்கள் இரவில் பி.பி.சி. தமிழோசையைத் திருப்பினார்கள். ஒரே குரல் ஒலித்த இடத்தில் சில ஆண்டுகளுக்குள் நூறு குரல்கள் ஒலித்தால், எது உரத்துக் கேட்கிறதோ அதை நம்புவது இயல்பு.

முல்லைத்தீவின் குருந்தூர்மலை இதற்கு நல்ல உதாரணம். தமிழ்ப் பத்திரிகைகளில் அது ஆதி ஐயனார் வழிபாட்டிடத்தில் நீதிமன்றக் கட்டளையை மீறி நடக்கும் விகாரைக் கட்டுமானம். சிங்கள ஊடகங்கள் பலவற்றில் அது பாதுகாக்கப்பட வேண்டிய குருந்தி விகாரை. நீதிமன்றம் எந்தத் திகதியில் என்ன சொன்னது என்பதை முழுதாகப் போட்ட செய்திகள் இரு மொழியிலும் அரிது. மலையைப் பார்த்திராத ஒருவர் இரண்டையும் வாசித்தால் இரண்டு மலைகள் இருப்பதாகவே நினைப்பார்.

பரீட்சைச் செய்திக்கும் இதுவே கதி. 2024 செப்டெம்பர் 15 இல் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. சனாதிபதித் தேர்தலுக்கு அப்போது ஆறு நாட்களே இருந்தன. ஆகவே, அது பிள்ளைகளுக்கு நேர்ந்த அநியாயம் என்ற செய்தியாக இருந்த நேரம் குறைவு. ஆட்சியைப் பற்றிய செய்தியாகவே ஓடியது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், டிசெம்பர் இறுதியில் தீர்ப்பு வந்து, அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. தீர்ப்பு வந்தபோது அதைப் பகிர்ந்தவர்கள் முதலில் கொதித்தவர்களில் ஒரு சிறு பங்கே. 2026 ஆரம்பத்தில் தரம் 6 க்கான புதிய பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பாட அலகில் தகாத இணையத்தளம் ஒன்றின் முகவரி அச்சாகியிருந்த விவகாரமும் அப்படியே: தவறு உண்மை, கண்டனம் நியாயம், ஆனால் அதற்குப் பிறகு புதிய பாடத்திட்டத்தில் மதிப்பீடு எப்படி மாறப்போகிறது, பரீட்சைச் சுமை குறையுமா என்ற பேச்சே எழவில்லை. தரம் 6 மாற்றம் 2027 க்குத் தள்ளிப்போனது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் யூரியூப் தளங்கள் உண்மையைத் துணிந்து சொல்கின்றனவே?

சில சொல்கின்றன. இங்கே எழுதினால் விசாரணைக்கு அழைக்கப்படக்கூடிய விடயங்களை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்களால் பேச முடிகிறது. அந்தப் பணி தேவை. ஆனால் பார்வையாளர் தொகைக்குப் பணம் கிடைக்கும் தளத்தில், அமைதியான செய்திக்கு விலையில்லை. ஓர் அதிபரைத் திருடன் என்று சொல்லும் காணொளியை ஊர் முழுவதும் பார்த்து முடித்த பிறகு, அவர் அடுத்த நாள் அதே பாடசாலை வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்க வேண்டியிருக்கிறது. காணொளி வெளியிட்டவர் அந்த வாசலைக் கடந்து போவதில்லை.

கேள்வி: வரலாற்றுப் பாடத்தில் தமிழர் வரலாறு போதாது. ஆசிரியர் வகுப்பில் அதைச் சொல்லலாமா?

பாடநூலில் அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் கிடைக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாண இராச்சியத்துக்கும் வன்னிமைகள் எனப்பட்ட சிற்றரசுகளுக்கும் கிடைப்பது மிகக் குறைவு என்ற முறைப்பாடு நியாயமானது. வெள்ளையரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் பற்றிப் பிள்ளை முல்லைத்தீவிலுள்ள சிலையிலும் நினைவு விழாவிலும் அறிந்துகொள்வது போதாது. ஆசிரியர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பாடநூலில் உள்ளது எது, தான் சேர்ப்பது எது என்று பிள்ளைக்குப் பிரித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பரீட்சையில் எதை எழுதினால் புள்ளி வரும் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே.

கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு. அதை வகுப்பறைக்குள் கொண்டுவரும் ஆசிரியர், எந்தக் கட்சியாக இருந்தாலும், நாற்பது பிள்ளைகளில் சிலருடைய பெற்றோரை அவர்கள் முன்னாலேயே குறை சொல்கிறார்.

கேள்வி: வீட்டில் தகப்பனும் மகனும் அரசியலால் பேசாமல் இருக்கிறார்கள். என்ன செய்வது?

பரீட்சைக் காலத்தில் மட்டுமாவது செய்தித் தொலைக்காட்சியை நிறுத்தி வையுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலை பற்றிப் பரவும் எண்கள் உண்மையா என்று எப்படி அறிவது?

கேட்டு அறியலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை எவரும் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் பாடசாலை ஏன் பின்தங்கியது" என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. கடந்த ஐந்து ஆண்டுகளில் தரம் 5 பரீட்சைக்குத் தோற்றியோர் தொகை, வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றோர் தொகை, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் தொகை, உண்மையில் கடமையிலுள்ளோர் தொகை, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பரீட்சையின் நேர்மைக்குப் பாதகமான தகவலை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆசிரியர் வெற்றிடம் அதில் அடங்காது.

14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். கடிதத்தைப் பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் எழுதாமல் தனியொருவர் பெயரில் எழுதுவது நல்லது. சங்கத்தின் பெயரில் எழுதப் போனால், கடிதத்தில் யார் முதலில் கையெழுத்திடுவது என்பதிலேயே ஒரு கூட்டம் கலைந்துவிடும்.